மணலும் சக்கரமும்

கனடா தேசத்து மாண்ட்ரீல் நகரில் குடியேறியிருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில், நவம்பர் மாதம் வந்துவிட்டால் ஒரு சடங்கு தவறாமல் நடக்கிறது. காரைப் பட்டறைக்குக் கொண்டுபோய், ஓடிக்கொண்டிருக்கும் நான்கு சக்கரங்களையும் கழற்றிவிட்டு, பனிக்காலத்துக்கென்றே எடுத்து வைத்திருக்கும் வேறு நான்கு சக்கரங்களைப் பூட்டிக்கொண்டு வருகிறார்கள். ஆசைப்பட்டுச் செய்கிற காரியமல்ல, சட்டம் அது. கியூபெக் மாகாணத்தில் 2008-ம் ஆண்டு முதல் இந்தச் சட்டம் இருக்கிறது. இப்போது டிசம்பர் முதல் தேதியிலிருந்து மார்ச் 15 வரை பனி டயர் இல்லாத கார் ரோட்டில் இறங்கக் கூடாது. சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி குளிருக்குக் கீழே விறைத்துப்போகும்; பிடிப்பு விட்டுவிடும். ஆகவே குளிரிலும் இளக்கமாக இருக்கும் ரப்பரில், நுண்ணிய வெட்டுக்கள் போட்டு, அந்த டயரைச் செய்கிறார்கள்.

எஞ்சின் முன்னாலும், வண்டியை உந்தும் சக்கரம் பின்னாலும் இருக்கிற கார்தான் பனியில் அதிகமாகத் தத்தளிக்கும். கனமெல்லாம் முன்னால் போய்விட, பின்சக்கரங்கள் லேசாகி வெறுமே சுழலும். இதற்கு அந்த ஊர்க்காரர்கள் நெடுநாளாகச் செய்துவந்த வைத்தியம் என்ன தெரியுமோ? பின்பக்க டிக்கியில் இரண்டு மணல் மூட்டையைத் தூக்கிப் போட்டுக்கொள்வார்கள்!

மணல் அங்கே மருந்து. தூத்துக்குடிக்குத் தெற்கே, முத்துக்கரை ஓரமாக இருக்கிறவர்களுக்கோ மணல்தான் நோய்.

திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் போனவர்களுக்குத் தேரி தெரியும். குங்குமத்தைக் கொட்டிப் பரப்பியது போன்ற செம்மணல் காடு. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் உலர்ந்த காற்று அந்த மணலை வாரி இறைத்து மேடாக்கும். மேட்டைக் கலைத்து வேறிடத்தில் கட்டும். 1841-ல் இடையன்குடிக்கு வந்து அரை நூற்றாண்டு அங்கேயே காலம் தள்ளிய கால்டுவெல் பாதிரியாருக்குத் தமிழ் இலக்கணத்தோடு கூடவே இந்த மணலும் நெருங்கிய பழக்கம். வடக்கே கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கம் திரும்பினாலோ கன்னங்கரேலென்ற கரிசல். ஒரே ஜில்லாவாக இருந்த சீமையில் இப்படி இரண்டு மண். நமக்குப் பனிக்காலம் கிடையாது; ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் நமது குளிர்காலம். அந்த மழையில் இரண்டு மண்ணும் நேர் எதிராக நடந்துகொள்கின்றன. ஈரம் பட்டால் தேரி இறுகி வழிவிடும். கரிசலோ இளகிச் சக்கரத்தைப் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்கும். கோடையில் கரிசல் கல்லாகும்; தேரி வாயைப் பிளக்கும். எந்த மாதத்தில் எந்த மண்ணில் எந்தச் சக்கரம் என்கிற கேள்வி மாண்ட்ரீல்காரருக்கு முந்தியே நம் வண்டிக்காரர்களுக்கு இருந்தது.

அவர்களிடம் மாற்றுச் சக்கரம் இல்லை. ஆனால் மாற்று அச்சு இருந்தது. கடற்கரை உப்பை உள்நாட்டுக்கு ஏற்றிச் சென்ற உமணர்கள், மேடு பள்ளத்தில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று அஞ்சி, வண்டியின் அடியில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போனார்கள் என்று புறநானூற்றிலே ஒளவையார் காட்டுகிறார். நாம் இன்று 'ஸ்டெப்னி' என்கிறோமே, அந்த வார்த்தை 1904-ல் வேல்ஸ் நாட்டில் உபரிச் சக்கரம் செய்து விற்ற கம்பெனியின் பெயர். அந்தக் கம்பெனி பிறப்பதற்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே உப்பு வண்டியில் ஸ்டெப்னி இருந்திருக்கிறது!

மாட்டு வண்டிச் சக்கரம் செய்வதைக் கிட்ட இருந்து பார்த்தவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். நடுவிலே குடம், அதிலிருந்து கிளம்பும் ஆரக்கால், அவற்றைச் சுற்றி வளைந்த வட்டை. கருவேல மரத்தில் தச்சர் இவ்வளவையும் இழைத்துப் பூட்டியான பிறகு கொல்லர் வருவார். இரும்புப் பட்டாவை வட்டையின் சுற்றளவுக்குச் சற்றுக் குறைவாக வளைத்து ஒட்டி, தரையில் வட்டமாக வறட்டி அடுக்கித் தீ மூட்டி அதில் போடுவார். இரும்பு சிவந்து விரியும். நாலு பேர் இடுக்கியால் தூக்கிக்கொண்டு ஓடிவந்து சக்கரத்தின் மேல் இறக்கி, சம்மட்டியால் நாலு போடு போட்டு, குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றுவார்கள். 'புஸ்' என்று ஆவி கிளம்பும், பட்டா சுருங்கும், ஆரக்கால்கள் எல்லாம் 'முறுக்' என்று முனகிக்கொண்டு குடத்துக்குள் இறுகும். பசையும் ஆணியும் செய்ய முடியாததை ஒரு கொதிப்பும் ஒரு குளிர்ச்சியும் செய்துவிடும். பௌதிக சாஸ்திரம் படித்துவிட்டு யாரும் அதைச் செய்யவில்லை.

அந்தச் சக்கரத்தின் குணம் அதன் உயரம். ஆள் மார்பு மட்டத்துக்கு நிற்கும். பள்ளத்தில் விழுந்தாலும் உருண்டு ஏறிவிடும். அதன் குற்றம் அதன் ஒடுக்கம். இரண்டங்குலப் பட்டாவில் ஒரு டன் பாரத்தை நிறுத்தினால் அது சாலையில் கத்தியாக இறங்கும்; தேரியில் அரிவாளாக இறங்கும்.

தூத்துக்குடி பெரிய துறைமுகமானதற்கு அந்தக் கத்திச் சக்கரங்களும் காரணம். சீமைக்குப் போன கரிசல் பருத்தியெல்லாம் முதலில் வண்டி வண்டியாகத்தான் கடற்கரைக்கு வந்தது. கரையில் ஆழம் போதாமையால் கப்பல்கள் ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். வண்டியில் வந்தது தோணிக்கு மாறி, தோணியில் போனது கப்பலுக்கு ஏறும். முத்துக் குளிப்பு நடந்த வருஷங்களில் இன்னொரு வேடிக்கை. பங்குனி வாக்கில் கடல் அடங்கி இருக்கும்போது கரை மணலில் கொட்டகைகளால் ஒரு ஊரே முளைக்கும். முத்து வியாபாரி, குளிகாரர், சிப்பி ஏலம் எடுப்பவர், வேடிக்கை பார்ப்பவர் என்று கூடும் அத்தனை பேருக்கும் குடிதண்ணீரும் அரிசியும் மணலைத் தாண்டித்தான் வரவேண்டும். குளிப்பு முடிந்ததும் ஊர் மறைந்துவிடும். தூத்துக்குடிக் கரையில் 1961-க்குப் பிறகு அந்த ஊர் முளைக்கவே இல்லை.

சக்கரம் புதைகிற மண்ணுக்குச் சக்கரத்தை மாற்றாமல் மண்ணையே மறைத்துவிடுவது ஒரு வழி. வெள்ளைக்காரர்கள் அந்த வழியில் போனார்கள். 1876-ல் தூத்துக்குடிக்கு ரெயில் வந்தது. பாரி கம்பெனியார், திசையன்விளைப் பக்கத்துக் கருப்பட்டியைக் குலசேகரன்பட்டினத்துக்குக் கொண்டுவர, இரண்டடி அகலமே உள்ள ஒரு குட்டி ரெயிலைத் தேரி ஓரமாகவே விட்டார்கள். 1940-ல் அந்த ரெயில் நின்றுபோயிற்று. கம்பெனிக்குக் கட்டாத பாதை கம்பெனியோடு போய்விடும். மணல் மட்டும் அங்கேயே இருந்தது.

இன்னொரு வழியைக் கண்டுபிடித்தவர் ஒரு மாட்டு டாக்டர். 1888-ல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் ஜான் டன்லப் என்ற கால்நடை வைத்தியர், தம் பையனுடைய மூன்று சக்கரச் சைக்கிள் கல் ரோட்டில் குலுங்குவதைப் பார்த்துவிட்டு, ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். 1845-லேயே தாம்சன் என்பவர் அதற்கு உரிமைச் சீட்டு வாங்கி வைத்திருந்தது அவருக்குத் தெரியாது. உலகம் டன்லப் பெயரைத்தான் வைத்துக்கொண்டது.

காற்று டயர் நம் பக்கம் வந்தபோது மாட்டுக்கும் அதற்கும் முதல் சந்திப்பு சண்டையாகவே முடிந்தது. திருக்குறுங்குடிக்காரரான டி. வி. சுந்தரமய்யங்கார் 1912-ல் மதுரையில் பஸ் விட்டார். மாட்டு லாடத்திலிருந்து விழுந்த ஆணிகள் பஸ் டயரைக் குத்திக் குத்தி வதைத்தன. காலையில் முதல் பஸ்ஸுக்கு முன்னால், காந்தம் கட்டிய வண்டி ஒன்றை அனுப்பி ரோட்டு ஆணிகளைப் பொறுக்கச் செய்தார் என்று மதுரையில் இன்றும் சொல்வார்கள். 1942-ல் மலாயா ஜப்பானியர் கையில் விழுந்ததும் ரப்பர் தட்டுப்பாடாகி, டயர் தங்கத்துக்குச் சமமாயிற்று.

தேரியில் மோட்டார்க் கார் பட்ட பாட்டுக்கு வருவோம். தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலில் கார்த்திகைக் கடைசியில் கள்ளர் வெட்டுத் திருவிழா. டாக்ஸி என்றாலே அம்பாஸிடர் என்றிருந்த காலத்தில் அதற்குப் புறப்பட்டவர்கள் அநேகம். அம்பாஸிடரும் பியட்டும் பின்சக்கரத்தால் நகர்கிற ஜாதி. சக்கரம் லேசாகப் பதியும். டிரைவர் ஆத்திரப்பட்டு ஆக்ஸிலேட்டரை மிதிப்பார். பின்சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டு அச்சு மட்டும் உட்கார்ந்துவிடும். விவரம் தெரிந்த டிரைவர் மிதிக்கமாட்டார். கீழே இறங்குவார், பின்சக்கரத்துக்கு முன்னால் மணலைக் கையால் விலக்குவார், பனை மட்டைகளைப் போடுவார், பெருத்த சரீரமுள்ள இரண்டு பேரைப் பின்னால் உட்காரச் சொல்லுவார். அப்புறம் டயரிலிருந்து பாதிக் காற்றை இறக்கிவிடுவார்.

பிரயாணிகளுக்குப் பகீரென்றிருக்கும். கணக்குப் பார்த்தால் அவர் செய்வது சரி. ஒரு சக்கரத்தின் மேல் 275 கிலோ பாரம். டயரில் சதுர அங்குலத்துக்கு 25 பவுண்டு காற்று என்றால் அது தரையில் ஏறத்தாழ ஓர் உள்ளங்கையளவு இடத்தில் நிற்கிறது. காற்றைப் பாதியாக்கினால் இரண்டு உள்ளங்கை. ஒட்டகத்தின் பாதம் செய்கிற வேலை அது. கெட்டி ரோட்டுக்கு வந்ததும் காற்றடிக்க மறந்தால்தான் ஆபத்து. டயர் சூடேறிக் கிழிந்துபோகும்.

இதே உபாயத்தை ரால்ப் பாக்னால்டு என்ற ஆங்கிலேயப் பட்டாள அதிகாரி லிபியப் பாலைவனத்தில் கையாண்டார். 1929-லும் அதற்குப் பின்னும், பின்சக்கரத்தால் ஓடும் சாதாரண போர்டு கார்களிலேயே, ஒட்டகமும் தயங்குகிற மணல் கடலை அவர் தாண்டினார். டயரில் காற்றைக் குறைத்தார்; சக்கரத்தடியில் இரும்புத் தகடுகளைப் போட்டார். அவருக்கு இரும்புத் தகடு, நமக்குப் பனை மட்டை. 1941-ல் அவர் காற்றடிக்கும் மணலைப் பற்றி எழுதிய புத்தகம் இன்றும் விஞ்ஞானிகளுக்கு வேதம்.

பனிக்கோ இது பொருந்தாது. பின்லாந்தில், செல்போனால் நமக்குப் பழக்கமான அதே நோக்கியா ஊரில், 1934-ல் லாரிக்கென்று பனி டயர் செய்தார்கள். 1936-ல் காருக்குச் செய்தார்கள். இன்றும் பனிக்குச் சக்கரம் தேர்ந்தெடுக்கிறவர்களிடம், கோடை டயரைவிடச் சற்று ஒடுங்கிய டயராகப் பார்த்து வாங்கும்படி சொல்வதுண்டு. அது இளம்பனியைக் கிழித்துக்கொண்டு அடியிலுள்ள கெட்டித் தரையைத் தொட்டுவிடும். தேரியில் அடித்தரை என்று ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் கிடையாது. அங்கே அகன்ற டயர்தான் மிதக்கும். கோடைக்கும் பனிக்கும் காட்டுக்கும் மேட்டுக்கும் ஒரே டயர் என்று கடைக்காரர் சத்தியம் செய்தால் நான் நம்பமாட்டேன்.

எனக்கு இந்தச் சரித்திரத்தில் மனத்தை உறுத்துவது காரல்ல, டயர் வண்டி. காற்று டயர் கடைசியில் மாட்டு வண்டிக்கே வந்து சேர்ந்தது. காயலான் கடையில் பழைய மோட்டார் அச்சை வாங்கி, தேய்ந்த டயரைப் பூட்டி, மேலே பலகை அடித்தால் டயர் வண்டி தயார். தூத்துக்குடி உப்பளங்களுக்கு அது பொருத்தமாக அமைந்தது. பனிமலை போல உப்புக் குவிந்து கிடக்கும் அந்த வெள்ளைவெளியில் இரும்புப் பட்டா துருவேறி உதிரும். ரப்பரை உப்பு ஒன்றும் செய்யாது. அளத்து வரப்பையும் அது அறுப்பதில்லை. டயர் வண்டி பெருகப் பெருக, வறட்டித் தீயில் பட்டா போட்ட கொல்லருக்கும் ஆரக்கால் இழைத்த தச்சருக்கும் வேலை போயிற்று. இது எல்லா ஊரிலும் நடந்த கதை.

மாடாவது பிழைத்ததா? இழுப்பது பாதி சுலபமாயிற்று. சந்தோஷப்படுவதற்குள் வண்டிக்காரர் கூடுதல் மூட்டைகளை ஏற்றிவிட்டார். அவரையும் குறைசொல்ல முடியாது. டயர் வாங்கிய கடனை அடைக்க வேண்டுமே! அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று: இரும்புச் சக்கரம் தானே உராய்ந்து வேகத்தை அடக்கும், ரப்பர்ச் சக்கரம் இறக்கத்தில் தடையில்லாமல் ஓடிவந்து, இரண்டு டன் பாரத்தோடு மாட்டின் மேலேயே சாயும். மோட்டாரின் சக்கரம் வந்தது, மோட்டாரின் பிரேக் வரவில்லை. பெங்களூர் நிர்வாகக் கல்வி நிலையத்தின் முதல் டைரக்டராக 1970-களில் இருந்த என். எஸ். ராமசுவாமி இதையெல்லாம் எடுத்துக்காட்டி, சக்கரத்தைத் திருத்துவதோடு நுகத்தடியையும் திருத்துங்கள், கழுத்துப் புண்ணைப் பாருங்கள் என்று வருஷக் கணக்காக மன்றாடினார். பெரிய படிப்புப் படித்தவர் மாட்டு வண்டியைப் பற்றிப் பேசுகிறாரே என்று சிரித்தவர்கள் உண்டு. மாட்டு டாக்டர் கண்டுபிடித்த டயர் மாட்டிடம் வந்தபோது, மாட்டைத் தவிர மற்ற எல்லோருக்கும் லாபமாயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது உப்பளத்தில் லாரியும் டிராக்டரும் வந்து, டயர் வண்டியும் அரிதாகிவிட்டது. பழைய டயர்கள் மட்டும் வீணாகவில்லை. தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் தோணிகள் கட்டியிருக்கும் இடத்துக்குப் போனால் பார்க்கலாம்: தோணியின் பக்கத்தில் வரிசையாகக் கயிற்றில் தொங்குகின்றன. அலை தூக்கித் தோணியைப் பாலத்துச் சுவரில் மோதும்போது, அடியை அவை வாங்கிக்கொள்கின்றன.