கருவியா, கவனிப்பா? அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளின் டிராம்போலின் பயிற்சி: ஒரு மறுவாசிப்பு

அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளின் இயக்கத்திறனை டிராம்போலின் வளர்க்கிறது என்பது சிறப்புக் கல்வித் துறையில் ஏறத்தாழ முடிந்த முடிவாகவே எடுத்தாளப்படுகிறது. அதற்குச் சான்றாகக் காட்டப்படுபவற்றுள் ஒன்று, 2013-இல் வெளியான ஓர் ஆய்வு. அதன் அளவீடுகளை ஏற்கலாம். அவற்றின் மேல் எழுப்பப்படும் முடிவை ஏற்பது கடினம். பலன் கருவியால் வந்தது என்பதைவிட, ஒவ்வொரு குழந்தைக்கும் நாள்தோறும் தனியே ஒதுக்கப்பட்ட நேரத்தால் வந்தது என்ற விளக்கமே அத்தரவுகளுக்கு நெருக்கமாகப் பொருந்துகிறது.

ஆய்வில் மிதமான குறைபாடுள்ள 18 குழந்தைகள் பங்கேற்றனர். சராசரி வயது 10.3. ஒன்பது பேர் 12 வாரங்கள் தினமும் 20 நிமிடம் தனித்தனியே டிராம்போலினில் பயின்றனர். மற்ற ஒன்பது பேருக்கு வழக்கமான பள்ளி நடைமுறையே தொடர்ந்தது. இரு காலில் கண் திறந்தும் மூடியும் நிற்பது, ஒற்றைக்காலில் நிற்பது, நீளம் தாண்டுவது, நின்ற இடத்தில் எம்புவது, உட்கார்ந்து முன்குனிந்து கையை எட்டுவது ஆகியவை சோதிக்கப்பட்டன. பயின்ற குழு எல்லாவற்றிலும் முன்னேறியது.

இந்த ‘எல்லாவற்றிலும்’ என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. குதிப்பவர் எம்புவதில் தேறுவது இயல்பு. ஆனால் முன்குனிந்து எட்டும் சோதனை தொடையின் பின்தசை நீள்வதை அளப்பது. துள்ளுதல் அத்தசையைப் பெரிதாக நீட்டுவதில்லை. பயிற்சிக்கு முன் தசைநீட்டல் செய்யவைத்திருக்கலாம் என்றால், அந்தப் பலன் டிராம்போலினுடையது ஆகாது. மேலும், இக்குழந்தைகளின் சோதனை மதிப்பெண் தசையை மட்டும் காட்டுவதில்லை. சொன்னதைப் புரிந்துகொள்வதும், முழு மூச்சாக முயல்வதும் அதில் கலந்திருக்கின்றன. வாரம் ஐந்து நாள் என்று கொண்டால், 12 வாரங்களில் 20 மணி நேரம் ஒரு பெரியவரின் முழுக் கவனம் ஒரு குழந்தைக்குக் கிடைத்திருக்கிறது. ஒப்பீட்டுக் குழுவுக்கு அது கிடைக்கவில்லை.

கண்ணை மூடி நிற்பதில் வந்த முன்னேற்றம் மட்டும் கருவிக்கு ஓரளவு சாதகமானது. விரிப்பு ஒவ்வொரு முறையும் வேறு விதமாக அமிழ்வதால் கணுக்காலும் உட்காதின் சமநிலை உறுப்பும் புதிதாக ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது. ஆயினும், அதே ஆசிரியரிடம் அதே 20 நிமிடம் தரையில் குதிக்கும் மூன்றாவது குழு ஒன்று இல்லாமல் இதை உறுதிசெய்ய வழியில்லை. டிராம்போலினில் குழந்தைகள் மகிழ்ந்து ஈடுபடுகிறார்கள் என்ற வாதம் உண்மையே. மகிழ்ச்சி அந்த ஒரு கருவிக்கு மட்டும் உரியதன்று.

தேனி மாவட்டத்தின் பொட்டிப்புரம் போன்ற சிற்றூர்களில் இந்த வேறுபாட்டுக்கு நடைமுறைப் பொருள் உண்டு. கருவியே மருந்து என்றால், அது வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். கவனிப்பே மருந்து என்றால், பள்ளி முற்றத்தில் கோடு கிழித்து இன்றே தொடங்கலாம். பாண்டியாட்டத்தில் குழந்தை ஒற்றைக்காலில் தாவிக் கட்டத்துக்குள் நின்று, குனிந்து சில்லை எடுத்து, கோட்டை மிதிக்காமல் திரும்புகிறது; தாண்டல், சமநிலை, முன்குனிதல் மூன்றும் அதில் அடங்கிவிடுகின்றன. பாதுகாப்பும் எண்ணத்தக்கது. டவுன் நோய்க்குறி உள்ள சில குழந்தைகளுக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கிடையே தளர்வு இருக்கும். மருத்துவர் பார்க்காமல் அவர்களை எந்தக் குதிப்புப் பயிற்சியிலும், குறிப்பாக டிராம்போலினில், இறக்கக் கூடாது.

ஆகவே, வட்டார வள மையங்களின் முன்னுரிமை கருவி வாங்குவதாக இருக்கக் கூடாது. சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் ஒவ்வொரு குழந்தையுடனும் செலவிடும் நிமிடங்களைக் கூட்டுவதே முதல் வேலை. டிராம்போலின் அதற்குப் பின் வரலாம்.