யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி: ஒரு சமூக வரலாற்று நோக்கு

கல்லூரி வரலாறு என்பது நம்மிடையே பெரும்பாலும் ஆண்டுவிழா மலரின் வரலாறாகவே இருந்து வந்துள்ளது. அதிபர்களின் வரிசை, துடுப்பாட்ட வெற்றிகள், புகழ்பெற்ற பழைய மாணவர்களின் பெயர்கள் ஆகியன அங்கு தொகுக்கப்படுகின்றன. இவை தரவுகள் என்ற அளவிற் பயனுடையவை; ஆனால் வரலாறு ஆகா. ஒரு கல்வி நிறுவனத்தைச் சமுதாயத்தின் எத்தேவை தோற்றுவித்தது, அதன் வாயில் யாருக்குத் திறந்தது, யாருக்கு அடைபட்டது என்ற வினாக்களிலிருந்தே வரலாறு தொடங்குகிறது. இந்நோக்கில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியை நாம் இங்கு அணுகுகிறோம்.

1814இல் இலங்கை வந்த வெஸ்லியன் மிசனரிமார் யாழ்ப்பாணத்தில் 1816இல் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலையே இக்கல்லூரியின் மூலம். 1834இல் பீற்றர் பேர்சிவல் பாதிரியார் காலத்தில் அது மத்திய பாடசாலை எனப் பெயர் பெற்றது. இக்காலப் பொருத்தம் தற்செயலானதன்று. கோல்புறூக் சீர்திருத்தங்கள் 1833இல் நடைமுறைக்கு வந்தமையால், ஆங்கிலம் கற்ற சுதேசிகள் அரசாங்க உத்தியோகம் பெறும் வழி விரிந்தது. ஆறில்லாத மண்ணில், கிணற்று நீரை நம்பிய தோட்டக் காணி சீதனத்தாலும் பங்கீட்டாலும் துண்டுபட்டுச் சென்ற குடாநாட்டில், மாதச் சம்பளம் இன்னொரு காணியாயிற்று. மிசனரிமார் மதமாற்றத்தை நாடினர். பெற்றோர் உத்தியோகத்தை நாடினர். வேறுபட்ட இவ்விரு நோக்கங்களும் ஒரே வகுப்பறையிற் சந்தித்தன.

இச்சந்திப்பின் முரண்பாட்டைத் தெளிவாகக் காட்டுபவர் ஆறுமுக நாவலர். 1822இல் நல்லூரிற் பிறந்த அவர் இப்பாடசாலையில் மாணவராயிருந்து, பின் ஆசிரியராயினார். பேர்சிவலின் விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்புப் பணிக்கு அவர் துணைநின்றமை யாவரும் அறிந்ததே. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை அவர் நிறுவினார். அடுத்த ஆண்டில் சென்னை சென்று அச்சியந்திரம் கொணர்ந்தார். வகுப்புமுறைப் பாடசாலை, அச்சு, பிரசங்கம், எளிய வசனநடை ஆகிய கருவிகளை மிசனரிமாரிடமிருந்தே கற்று, அவற்றை அவர்களுக்கு எதிராகவே அவர் திருப்பினார். அந்நிய ஆதிக்கம் தன்னை எதிர்ப்பவரையும் தன் வகுப்பறையிலேயே உருவாக்கியது எனலாம்.

எனினும் இவ்வெதிர்ப்பின் வர்க்க, சாதி எல்லைகளை நாம் மறத்தலாகாது. 1847இல் தாழ்த்தப்பட்ட சமூகமொன்றைச் சேர்ந்த மாணவனை இப்பாடசாலையிற் சேர்த்துக்கொண்டபோது உயர்சாதி மாணவர் பலர் விலகினர். மதம் மாறுவதாயினும் ஆங்கிலம் கற்பதாயினும் இணங்கிய சமுதாயம், ஒரே வாங்கில் அமர்வதற்கு இணங்கவில்லை. இதன் நிழல் நீண்டது. 1920களின் இறுதியில் உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்க வேண்டுமென அரசாங்கம் பணித்தபோது, யாழ்ப்பாணத்திற் கடும் எதிர்ப்பு எழுந்தது. சில பாடசாலைகள் எரியூட்டப்பட்டன. கிறிஸ்தவமும் சைவமும் தம்முள் மாறுபட்டு நின்றனவாயினும், நிலவுடைமைச் சமுதாயத்தின் அடித்தளத்தை இரண்டுமே முழுமையாக அசைக்கவில்லை.

கல்வியின் உடைமை பற்றிய வினாவை எழுப்பியது இலவசக் கல்வித் திட்டமே. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராயிருந்த காலத்தில், 1945இல் அது நடைமுறைக்கு வந்தது. 1960ஆம், 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களின்படி உதவி பெறும் பாடசாலைகள் அரசாங்கத்திடம் சென்றன. யாழ்ப்பாணத்தில் பரி. யோவான் கல்லூரி போன்ற சில, கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாக நிற்க, மத்திய கல்லூரி அரசாங்கப் பாடசாலையாயிற்று. உயர்தர வகுப்பு, தோட்டக்காரனின் பிள்ளைக்கும் தொழிலாளியின் பிள்ளைக்கும் சட்டப்படி உரியதாயிற்று. ஆனால் 1970களில் பல்கலைக்கழக அனுமதியிற் புகுத்தப்பட்ட தரப்படுத்தல், அவ்வுயர்தர வகுப்பையே இனப்பிரச்சினையின் களமாக்கியது. சாதியாலும் வர்க்கத்தாலும் அடைபட்டிருந்த வாயில் சற்றே திறந்தபோது, அரசு அதனை வேறொரு பக்கத்தில் ஒடுக்கியது.

கல்லூரி வளாகத்தின் அமைவிடமும் இவ்வரலாற்றின் பகுதியே. கோட்டைக்கும் நகருக்கும் இடையில், முற்றவெளியையும் பொது நூலகத்தையும் அண்டி அது அமைந்துள்ளது. 1904 முதல் பரி. யோவான் கல்லூரியுடன் ஆடப்பட்டுவரும் ‘வடக்கின் போர்’ காணத் திரளும் கூட்டம் இம்மைதானத்தை நன்கறியும். 1981இல் அருகே நூலகம் எரிந்தது. கோட்டை இராணுவ முகாமாக இருந்த ஆண்டுகளிலும், 1990இன் முற்றுகையிலும், எறிகணைக்கும் குண்டுக்கும் இலக்கான வலயத்துள் கல்லூரி அகப்பட்டது, கட்டடங்கள் சிதைந்தன. காவலுக்கெனக் கட்டப்பட்ட கோட்டை, தன் அயலில் இருந்த அறிவு நிலையங்கள் இரண்டின் அழிவையும் பார்த்து நின்றது. இன்று நூலகமும் கல்லூரியும் மீள எழுந்துள்ளன.

கட்டடங்களை மீள எழுப்புதல் எளிது. வரலாற்றை மீள எழுப்புதலே கடினம். இத்தகைய கல்லூரிகளின் வரலாற்றை வெற்றிக் கேடயங்களிலிருந்தன்றிச் சேர்வு இடாப்புகளிலிருந்து எழுத வேண்டும் என்பதே நமது கருத்து. எச்சமூகத்துப் பிள்ளையின் பெயர் எந்த ஆண்டில் முதன்முதல் அங்கு பதியப்பட்டது? எத்தனையாம் வகுப்பில் அப்பெயர் மறைந்தது? நிலத்தில் அமர்த்தப்பட்டோரின் நினைவுகளை அவர்தம் பிள்ளைகளிடமிருந்தேனும் நாம் கேட்டறிந்தோமா? இவ்வினாக்களுக்கு விடை காணும்வரை, இக்கல்லூரி மக்களுடையது என்பது சட்டத்தின் கூற்றாக மட்டுமே இருக்கும்.