விழித்திருக்கும் எலியின் மூளை

இயங்கும் மூளையை விழித்திருக்கும் எலியில் வரைபடமாக்கும் முறை மூளையின் இயக்கத்தைக் காட்டும் எம்.ஆர்.ஐ. உத்திக்கும் மூத்தது. 1977-ல் அமெரிக்காவின் பெதஸ்டாவில் லூயிஸ் சோகோலோஃப் குழுவினர் கதிரியக்கக் கார்பன் கொண்ட டீஆக்சிகுளுக்கோஸை எலியின் ரத்தத்தில் செலுத்தினர். அதிகம் உழைக்கும் மூளைப்பகுதி அதைச் சர்க்கரையாக எண்ணி அதிகம் இழுத்துக்கொள்ளும். முழுவதும் எரிக்க முடியாமல் அங்கேயே தேக்கிவிடும். 45 நிமிடம் கழித்து எலியைக் கொன்று, மூளையை உறையவைத்து மெல்லிய சீவல்களாக்கி எக்ஸ்ரே ஃபிலிமில் பதித்தார்கள். எலி விழித்தேதான் இருந்தது. ஓடாதபடி அதன் பின்னுடலுக்கு மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். ஓர் எலிக்கு ஒரே படம் என்பதே இம்முறையின் குறை.

அந்தக் குறையை நீக்கும் வழி 1990-ல் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் காந்தப்புலத்தைச் சற்றே குலைப்பதால், எம்.ஆர்.ஐ. படத்தில் ரத்தநாளங்கள் கரிய கோடுகளாகத் தெரிவதை செய்ஜி ஒகாவாவும் உடன் உழைத்தவர்களும் எலிகளில் கண்டார்கள். எலி சுவாசிக்கும் வாயுவை மாற்றினால் கோடுகளும் மாறின. மூளை உழைக்கும் இடத்தில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு மாறுவதால், எலியைக் கொல்லாமலே மூளையின் இயக்கத்தைப் பார்க்க இது வழியானது. இரண்டே ஆண்டுகளில் இந்த உத்தி மனிதருக்குப் போய்விட்டது. மனிதரிடம் 'அசையாமல் படுங்கள்' என்றால் போதும். எலிக்கு அது புரியாது. எனவே மயக்க மருந்து தவிர்க்க முடியாததாயிற்று. ஆனால் மயக்க மருந்து நரம்பணுக்களை மட்டுமா அடக்கும்? ரத்தநாளங்களின் போக்கையும் மாற்றும். அளக்க வந்ததையே மருந்து மாற்றிவிடுகிறது.

1998-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் குழு ஒன்று, தலையையும் உடலையும் பிடித்து வைக்கும் சட்டத்துக்குள் விழித்த எலியை வைத்துப் படமெடுத்துக் காட்டியது. டெல்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் 2003-ல், விழித்த எலியின் மின்துடிப்பையும் எம்.ஆர்.ஐ. படத்தையும் ஒருசேரப் பதிவதற்கான தலைச்சட்டத்தை வெளியிட்டார்கள். தலையை நிறுத்துவது பொறியாளர் வேலை, எப்படியோ முடிந்துவிட்டது. பயத்தை நிறுத்துவதுதான் கடினம். குழாய்க்குள் அடைபட்டு, காதைப் பிளக்கும் ஸ்கேனர் ஓசையைக் கேட்கும் எலியின் மூளை, அந்த அச்சத்தைத்தானே காட்டும்?

இதற்கு விடை பழக்குவது. 2005-ல் அதே மாசசூசெட்ஸ் குழு அதை முறையாக எழுதிவைத்தது. எலியைப் போலி ஸ்கேனருக்குள் வைத்து, பதிவுசெய்த ஓசையை ஒலிக்கவிடுவார்கள்; நாள்தோறும் இதைத் திரும்பச் செய்வார்கள். இதயத்துடிப்பும் மூச்சும் ரத்தத்தில் கார்டிகோஸ்டிரோன் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவும் இறங்கினால் எலி பழகிவிட்டது என்று பொருள். சுண்டெலிக்கு வேறு வழக்கம்: மண்டையோட்டில் பல் மருத்துவர் பயன்படுத்தும் சிமெண்டால் ஒரு சிறு சட்டத்தை ஒட்டி, அதைக் கருவியோடு பூட்டுவார்கள்.

உடலை அடக்காமலே பார்க்க முயன்றவர்களும் உண்டு. 2007-ல் பிரின்ஸ்டனில் டேவிட் டேங்க் குழு, காற்றில் மிதக்கும் தெர்மோகோல் பந்தின் மேல் சுண்டெலியை ஓடவிட்டு, தலையை மட்டும் நிறுத்தி, இரு-ஃபோட்டான் நுண்ணோக்கியால் பார்த்தது. ஒகாவாவின் 1990 கட்டுரையிலும் டேங்க் இணையாசிரியர் என்பது சுவையான செய்தி. 2011-ல் ஸ்டான்ஃபோர்டில் 1.9 கிராம் நுண்ணோக்கி சுண்டெலியின் தலையிலேயே ஏறியது. அதே ஆண்டு புரூக்ஹேவன் ஆய்வகம் எலியின் தலையைச் சுற்றி மாட்டும் பெட் (PET) ஸ்கேனரைக் காட்டியது. அது எலிக்குச் சுமையாகாமல் மேலிருந்து தொங்கவிடப்பட்டது.

ஆய்வகத்துக்கு ஆய்வகம் கைப்பழக்கம் மாறியதால் முடிவுகளை ஒப்பிடுவது சிக்கலாயிற்று. எலிகளின் எம்.ஆர்.ஐ. ஆய்வுக்கென்று பல நாட்டு ஆய்வகங்கள் கூடி 2023-ல் ஒரு பொது நெறிமுறையை வெளியிட்டன. அது மயக்கத்தில் உள்ள எலிகளுக்கானது. விழித்த எலியை எத்தனை நாள் பழக்குவது, எந்தச் சட்டத்தில் பூட்டுவது, பரிசாகச் சர்க்கரைத் தண்ணீர் தருவதா என்பதையெல்லாம் இன்றும் ஒவ்வோர் ஆய்வகமும் தன் வழக்கப்படியே செய்துவருகிறது.