அருங்காட்சியகத்தில் ஆச்சிக்கு என்ன வேலை?

போன டிசம்பர் லீவில் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார்கள். டெல்லிக்கு வந்தவர்களை எங்கேயாவது கூட்டிப் போகணுமே என்று ஒரு அருங்காட்சியகத்துக்குப் போனோம். பலகைகள் எல்லாம் இந்தியிலும் ஆங்கிலத்திலும். என் பெண் கடகடவென்று வாசித்துக்கொண்டே முன்னால் ஓடினாள். அம்மா அவள் பின்னாலேயே பேசாமல் நடந்தார்கள்.

திரும்பும்போது ஆட்டோவில்தான் வாயைத் திறந்தார்கள். "அந்தப் பூண் போட்ட பாத்திரம் மரக்கால்லா? நம்ம வீட்டுலயும் ஒண்ணு கெடந்துச்சு. அறுப்புக்கு அதுலதான் நெல்லு அளப்போம்."

"அங்கேயே சொல்லியிருக்கலாமேம்மா?"

"எழுதியிருக்கறத அவ வாசிச்சுச் சொல்லுதா. நான் என்னத்தச் சொல்ல?"

சுருக்கென்றது. 2022-ல் ஆபீஸ் வேலையாக வாஷிங்டன் போனபோது பார்த்த ஒரு காட்சி ஞாபகம் வந்தது. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் சரித்திரம்.

அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசும் குடும்பங்களுக்கு இந்த மௌனம் பழக்கமானது. நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெம் பகுதியில் போர்ட்டோ ரிக்கோ மக்கள் பெருவாரியாக வாழ்ந்தார்கள். 1917 முதலே அமெரிக்கக் குடிமக்கள். ஆனாலும் பக்கத்திலேயே இருந்த பெரிய அருங்காட்சியகங்களில் அவர்கள் கதைக்கு இடமில்லை. பிள்ளைகளுக்கு நம் பண்பாட்டைச் சொல்லிக் கொடுங்கள் என்று பெற்றோர்கள் போராடினார்கள். அதற்குப் பாடப் பொருட்கள் தயாரிக்கும்படி ரஃபேல் மொன்டான்யஸ் ஓர்டிஸ் என்ற கலைஞரிடம் பள்ளி நிர்வாகம் கேட்டது. அவர் அருங்காட்சியகமே ஆரம்பித்துவிட்டார்! 1969-ல் ஒரு பள்ளிக்கூட அறையில் தொடங்கிய அதன் பெயர் எல் மியூசியோ டெல் பார்ரியோ. 'பேட்டை அருங்காட்சியகம்' என்று சொல்லலாம்.

சிகாகோவிலும் இப்படித்தான். கார்லோஸ் டோர்டொலேரோ என்ற பள்ளி ஆசிரியர் சக ஆசிரியர்களோடு சேர்ந்து 1982-ல் ஆரம்பித்த மெக்சிகக் கலை அருங்காட்சியகம், 1987-ல் பில்சன் பகுதியில் கதவைத் திறந்தது. பலகைகள் இரண்டு மொழியில், நுழைவுக் கட்டணம் கிடையாது.

சரி, ஏழை ஜனங்கள் தாங்களே கட்டிக்கொண்டார்கள். அரசாங்கப் பணத்தில் நடக்கும் பெரிய இடம் என்ன செய்தது? 1846-ல் உருவான ஸ்மித்சோனியன் நிறுவனத்தை ஆராய்ந்த ஒரு குழு, ரவுல் இசகீர்ரே தலைமையில், 1994-ல் அறிக்கை கொடுத்தது. 'வேண்டுமென்றே செய்த புறக்கணிப்பு' என்பதுதான் தலைப்பு! காட்சிகளில் மட்டுமல்ல, வேலைக்கு எடுப்பதிலும் நிர்வாகத்திலும் லத்தீன் மக்கள் ஒதுக்கப்பட்டிருக்கிறார்கள் என்று போட்டு உடைத்தார்கள். 1990 கணக்குப்படியே அவர்கள் 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேல்.

அதன்பின் 1997-ல் ஸ்மித்சோனியனில் அவர்களுக்கென ஒரு மையம் வந்தது. தனி அருங்காட்சியகத்துக்குச் சட்டம் 2020 டிசம்பரில்தான் வந்தது. அறிக்கைக்கும் சட்டத்துக்கும் நடுவே 26 வருஷம். அதற்கு முன்னோட்டமாக 2022 ஜூனில் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் மொலினா குடும்பக் கூடம் திறக்கப்பட்டது. ஆங்கிலமும் ஸ்பானிஷும் சரிசமமாக.

நான் சொல்ல வந்த காட்சி அங்கேதான். ஒரு பாட்டி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஸ்பானிஷ் பலகையை விரல் வைத்துப் படிக்கிறார். பேரன் அதையே ஆங்கிலத்தில் படிக்கிறான். பாட்டி பாதியில் நிறுத்திவிட்டு எதையோ சொல்லச் சொல்ல, பையன் பலகையை விட்டுவிட்டுப் பாட்டியின் முகத்தைப் பார்க்கிறான்.

2013-ல் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. தங்கள் மொழியில் பலகை இருந்தால் பெரியவர்கள் தாங்களே பிள்ளைகளுக்கு விளக்குகிறார்கள், கூடுதல் நேரம் நிற்கிறார்கள், நம்மையும் மதிக்கிறார்கள் என்று உணர்கிறார்கள். ஆக, ஸ்பானிஷ் பலகை என்பது ஆங்கிலம் தெரியாதவருக்குக் காட்டும் சலுகை மட்டும் இல்லை. குடும்பத்தில் பெரியவருக்கு உரிய இடத்தைத் திருப்பிக் கொடுப்பது. வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நமக்கு இது விளங்காதா என்ன?

டெல்லியில் தமிழ்ப் பலகை வைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இங்கே எத்தனை மொழிக்காரர்கள் வருகிறார்கள்! செல்போனில் கேட்கிற மாதிரி பல மொழிகளில் விளக்கம் கொடுத்தால் போதும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அங்கே போனோம். பெண்ணிடம் சொன்னேன், "பலகையை அப்புறம் படிக்கலாம். முதல்ல ஆச்சிகிட்ட கேளு."

மரக்கால் முன்னால் மட்டும் அரைமணி நேரம் நின்றோம்.