கைநாட்டிலிருந்து மின் அட்டை வரை: பழவேற்காட்டு மீனவரும் விரல் ரேகை அடையாளமும்

விரல் ரேகையால் இயங்கும் கம்பியில்லா அடையாள அட்டை என்பது, தன் உரிமையாளரின் விரல் பட்டால் மட்டுமே வேலை செய்யும் மின்னணு அட்டையாகும். அணு உலை, ஏவுதளம், துறைமுகம், கணினித் தரவு மையம் போன்ற காவல் மிகுந்த இடங்களை மனத்தில் வைத்து இத்தொழில்நுட்பம் உருவானது. இதே கருத்து, வேறு வடிவில், கதவே இல்லாத கடற்கரைக்கும் வந்தது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் இந்தியக் கடலோர மீனவர்களுக்கு விரல் ரேகை பதிந்த சில்லு அட்டைகளை வழங்கும் திட்டம் தொடங்கியது. பழவேற்காடு ஏரிக்கரை மீனவக் குப்பங்களை முன்வைத்து அந்த வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

அட்டை இயங்கும் விதம்

சாதாரண அலுவலக அட்டையை யார் கையில் எடுத்தாலும் கதவு திறக்கும். கதவு அட்டையைத்தான் அறியும், ஆளை அறியாது. இந்தக் குறையைப் போக்கவே விரல் ரேகை சேர்க்கப்பட்டது. அட்டையில் சிறு உணரி ஒன்று இருக்கும். உரியவர் விரலை வைத்ததும், அட்டைக்குள் முன்பே பதிந்துள்ள ரேகைக் குறிப்போடு அது ஒப்பிடப்படும். பொருந்தினால் மட்டுமே அட்டை வானொலி அலை வழியே தன் எண்ணை அனுப்பும். ஒப்பீடு அட்டைக்குள்ளேயே நடந்தால் ரேகை வெளியே எங்கும் செல்வதில்லை. அட்டை திருடு போனாலும் திருடனுக்குப் பயன்படாது.

வானொலி அலையால் கதவைத் திறக்கும் எண்ணம் புதியதன்று. அமெரிக்கரான சார்லஸ் வால்டன், சாவியின்றி அட்டையால் கதவைத் திறக்கும் கருவிக்கு 1973இல் காப்புரிமை பெற்றார். மின்கலம் இல்லாத அட்டையைப் படிப்பானுக்கு அருகில் காட்ட வேண்டும். மின்கலம் உள்ள அட்டை பல மீட்டர் தொலைவிலிருந்தும் குரல் கொடுக்கும். பின்னது, கதவைத் திறப்பதோடு நில்லாமல், அட்டையை அணிந்தவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்பதையும் பதிவு செய்ய உதவும். அனுமதிக்காக வந்த கருவி கண்காணிப்புக் கருவியாக மாறுவது இந்த இடத்தில்தான்.

ரேகையின் இந்திய வரலாறு

விரல் ரேகையை அடையாளமாகக் கொள்ளும் நவீன முறை பெரிதும் இந்திய மண்ணில் வளர்ந்தது. 1858இல் வங்காளத்தின் ஜங்கிபூரில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷெல், ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்ததாரரிடம் ஒப்பந்தப் பத்திரத்தில் முழுக் கையின் பதிவை வாங்கினார். 1892இல் பிரான்சிஸ் கால்டன் விரல் ரேகை பற்றிய நூலை வெளியிட்டார். 1897இல் கல்கத்தாவில் விரல் ரேகைப் பிரிவு அமைந்தது. அங்கே எட்வர்ட் ஹென்றியின் கீழ்ப் பணியாற்றிய அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இருவரும் ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்குவதில் பெரும் பங்காற்றினர். அம்முறை ஹென்றியின் பெயராலேயே உலகெங்கும் அறியப்பட்டது. 1901இல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டும் அதை ஏற்றது.

தமிழர் காட்டிய எதிர்ப்பு

ரேகை கேட்ட அரசுகளைத் தமிழர் இரு வேறு நாடுகளில் எதிர்த்துள்ளனர். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் இந்தியர்கள் பத்து விரல் ரேகையும் கொடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற சட்டம் 1907இல் நடைமுறைக்கு வந்தது. காந்தியடிகள் நடத்திய எதிர்ப்பில் தம்பி நாயுடு முன்னணியில் நின்றார். தமிழர் பலர் சிறை சென்றனர். 1908 ஆகஸ்ட் 16இல் ஜோகனஸ்பர்க்கில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுச் சான்றுகள் தீயிலிடப்பட்டன. அதே ஆண்டின் தொடக்கத்தில், விருப்பப் பதிவு என்ற உடன்பாட்டின்பேரில் காந்தி தாமே பதிவு செய்துகொண்டார் என்பதையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். அவர் எதிர்த்தது கட்டாயத்தையும் இழிவையுமே.

தமிழ்நாட்டில் நடந்தது இதனினும் கொடியது. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. குறிப்பிட்ட சாதியில் பிறந்த ஒரே காரணத்துக்காக மக்கள் ரேகை பதிய வேண்டியதாயிற்று. மக்கள் வழக்கில் அது ரேகைச் சட்டம் என்றே வழங்கியது. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்க மறுத்த மக்கள்மீது போலீசார் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தனர். 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது.

ரேகைக்கு இன்னொரு முகமும் உண்டு. எழுதத் தெரியாதவரைக் 'கைநாட்டு' என்று இழித்துப் பேசும் வழக்கம் தமிழில் உள்ளது. 1990களின் அறிவொளி இயக்கத்தில் கற்றோர் பலருக்கும் முதல் வெற்றி, பெருவிரலை மைப்பெட்டியில் வைக்காமல் தம் பெயரைத் தாமே எழுதியதுதான். அவர்கள் கையெழுத்துப் பழகிய இருபது ஆண்டுகளுக்குள், படித்தவர் படிக்காதவர் என்ற வேறுபாடின்றி எல்லாருடைய விரலையும் இயந்திரம் மீண்டும் கேட்கத் தொடங்கியது.

அட்டைக்கு முந்தைய பழவேற்காடு

பழவேற்காடு, தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் ஆந்திரப் பிரதேசத்திலும் பரவியுள்ள உவர்நீர் ஏரி. இந்திய உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீண்டு கிடக்கிறது.

இங்கே யார் எங்கே மீன் பிடிக்கலாம் என்பதை முடிவு செய்ய அட்டை தேவைப்பட்டதில்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்னும் முறை உண்டு. முகத்துவாரத்தை ஒட்டிய மீன்பிடி இடங்கள், உரிமையுள்ள தலைக்கட்டுகளுக்கு முறைவைத்துப் பகிரப்படும். ஒருவர் எந்த ஊர், யாருடைய மகன், எந்தத் தலைக்கட்டு என்பதே அவருடைய அடையாளச் சான்று. ஊரே அதைச் சரிபார்க்கும் படிப்பான்.

இம்முறையை முழுமையாகப் போற்றிவிடவும் முடியாது. உரிமை பட்டினவர் ஆண்களின் தலைக்கட்டுகளைச் சார்ந்தது. பெண்களும் பிற சமூகத்தாரும் அதற்கு வெளியே நின்றனர். பனையோலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்குப் பாட்டில் பங்கில்லை. ஊரார் அறிந்திருப்பது வேறு, உரிமை பெற்றிருப்பது வேறு.

ஏரியின் மறுகரையில் நவீனக் காவலின் உச்சம் அமைந்தது. ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்திலிருந்து 1971 அக்டோபர் 9 அன்று முதல் ரோகிணி ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. தீவில் வாழ்ந்த ஏனாதிப் பழங்குடியினர் பலர் இடம்பெயர நேர்ந்தது. இன்றும் ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காட்டு மீனவர் கடலுக்குச் செல்ல வேண்டாம் என அறிவிக்கப்படுகிறது. அந்த நாளின் வருமானம் அவர்களுக்கு இல்லை.

2008க்குப் பின்

2008 நவம்பர் 26 அன்று மும்பையைத் தாக்கிய பத்துப் பேரும் கடல் வழியே வந்தவர்கள். 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கைப்பற்றி அதில் வந்தனர். ஒரே நாளில் நாட்டின் மீன்பிடிப் படகு ஒவ்வொன்றும் ஐயத்துக்குரியதாயிற்று. தமிழ்நாட்டில் 1994 முதலே கடலோரப் பாதுகாப்புக் குழுமம் இயங்கிவந்தது. இப்போது மைய அரசு இரண்டு வேலைகளைத் தொடங்கியது. படகுகளைப் பொது மின்னணுப் பதிவேட்டில் சேர்ப்பது ஒன்று. கடல் மீனவர்களுக்கு நிழற்படமும் விரல் ரேகையும் கொண்ட சில்லு அட்டை வழங்குவது மற்றொன்று. அட்டை தயாரிக்கும் பொறுப்பு, பாரத் எலக்ட்ரானிக்ஸ் தலைமையிலான பொதுத்துறை நிறுவனக் கூட்டமைப்பிடம் தரப்பட்டது.

காவல் மிகுந்த கட்டடத்துக்கும் கடற்கரைக்கும் உள்ள வேறுபாடு இங்கே வெளிப்படுகிறது. கட்டடத்துக்கு ஓரிரு வாசல்கள் இருக்கும். அங்கே படிப்பான் கருவியும் காவலரும் இருப்பர். சுமார் 1,070 கி.மீ. நீளமுள்ள தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு வாசல் கிடையாது. பைபர் படகு பின்னிரவில் மணலிலிருந்து நேரே அலைக்குள் இறங்குகிறது. ஒருவர் வராவிட்டால் அடுத்த வீட்டுக்காரர் படகில் ஏறிக்கொள்கிறார். படிப்பான் இல்லாத இடத்தில் சில்லு அட்டை வெறும் நிழற்பட அட்டையே. ஆகவே அது பெரும்பாலும், நடுக்கடலில் சோதனையிடும் காவலரிடம் காட்டும் சான்றாகவே பயன்படும்.

ஆளிலிருந்து படகுக்கு

மீனவரைக் கண்டறிவது காவலுக்கு மட்டும் தேவையானதன்று. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலைத் தாக்கியபோது எத்தனை பேர் கடலில் இருந்தனர் என்ற உறுதியான கணக்கு உடனே கிடைக்கவில்லை. அந்தக் குழப்பத்தின் விலையை மீனவக் குடும்பங்கள் கொடுத்தன.

ஆகவே கவனம் அட்டையிலிருந்து படகுக்கு நகர்ந்தது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவி 2010 முதல் பயன்பாட்டில் உள்ளது. பொத்தானை அழுத்தினால் துணைக்கோள் வழியே கடலோரக் காவல் படைக்குச் செய்தி போகும். அடுத்து வந்தது இருவழிச் செய்திக் கருவி. ஒரு லட்சம் மீன்பிடிக் கலங்களில் அதைப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. படகின் இடம் கரைக்குத் தெரியும், கரையின் புயல் எச்சரிக்கை படகுக்கு எட்டும். அச்செய்தியைச் சுமக்கும் ஜிசாட்-6 துணைக்கோள் 2015 ஆகஸ்ட் 27 அன்று ஏவப்பட்டது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான். பழவேற்காட்டு மீனவரைக் கரையில் நிறுத்திய அதே ஏவுதளம், கடலில் அவர்களைக் காக்கவும் வழி செய்திருக்கிறது.

தேயும் ரேகை

ரேகை அடையாளம் ஒருவருக்கு வாழ்நாள் முழுதும் மாறாதது என்பது பாடநூல் கூற்று. அமைப்பு மாறாது என்பது உண்மையே. ஆனால் தோலின் மேல்வரிகள் தேயக்கூடியவை. நைலான் கயிறு, உப்பு நீர், நண்டின் கொடுக்கு, இறால் உரிக்கும் வேலை ஆகியவை விரலை வழுவழுப்பாக்கும். நெடுநேரம் நீரில் ஊறிய விரல் சுருங்கும். முதுமையிலும் வரிகள் மங்கும். இயந்திரம் தேடுவதோ தெளிவான மேடு பள்ளங்களை.

2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் விரல் ரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. கடலில் காவலுக்காகப் பழகிய முறை, அரிசி வாங்கும் வரிசைக்கும் வந்துவிட்டது. காவல் மிகுந்த கட்டடத்தில் ரேகை பொருந்தாத ஊழியர் மேலதிகாரியைக் கூப்பிடுவார். கடை வரிசையில் நிற்கும் மூதாட்டி யாரைக் கூப்பிடுவார்? ரேகை பொருந்தவில்லை என்பதற்காக உரியவருக்கு நலத்திட்டம் மறுக்கப்படக் கூடாது என்பதை 2018 செப்டம்பர் 26 ஆதார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் கருத்தில் கொண்டது. கருவிழிப் படம், கைப்பேசிக் கடவெண் போன்ற மாற்று வழிகள் இதற்காகவே உள்ளன. கப்பல் மாலுமிகளுக்கு 2019இல் இந்தியா அறிமுகப்படுத்திய அடையாள ஆவணம் விரல் ரேகையை விட்டு முக அமைப்பை அடிப்படையாகக் கொண்டது என்பதும் நோக்கத்தக்கது.

வரலாறு கற்பிப்பது

டிரான்ஸ்வால், பெருங்காமநல்லூர், பழவேற்காடு ஆகிய மூன்றிலும் விரல் ஒன்றே, நோக்கம் வேறு. முதலிரண்டிலும் ரேகை ஒரு கூட்டத்தையே குறி வைத்துக் கட்டாயமாக எடுக்கப்பட்டது. மூன்றாவதில் அது காவலோடு உதவியையும் சேர்த்துச் சுமக்கிறது. ஆகவே அடையாள முறை எதைப் பற்றியும் மாணவர்கள் நான்கு கேள்விகள் கேட்டுப் பழக வேண்டும். பதிவு யாரிடம் இருக்கிறது? எதற்காக எடுத்தார்களோ அதற்கு மட்டுமே பயன்படுகிறதா? விரல் பொருந்தாதபோது மாற்று வழி என்ன? கண்காணிக்கப்படுபவருக்கு அதனால் கிடைக்கும் நன்மை என்ன?

புயல் நாளில் படகைத் தேடி வரும் கருவியை மீனவர் வரவேற்பர். உழைத்துத் தேய்ந்த விரலைக் காரணம் காட்டி அரிசியை மறுக்கும் கருவியை எவரும் வரவேற்க மாட்டார். இரண்டுக்கும் அடிப்படைத் தொழில்நுட்பம் ஏறத்தாழ ஒன்றுதான். வேறுபாட்டை உண்டாக்குவது அதைச் சுற்றி நாம் வகுக்கும் விதிகளே.