முதலாமாண்டுப் பாடப் பதற்றம்

முதலாமாண்டுப் பாடப் பதற்றம் என்பது கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கு, அடிப்படைப் பாடங்களைக் கற்கும்போதும் அவற்றின் தேர்வுகளை எழுதும்போதும் ஏற்படும் அச்சத்தையும் மன இறுக்கத்தையும் குறிக்கும். கணிதம், இயற்பியல், நிரலாக்கம், ஆங்கிலம் ஆகியவற்றில் இது மிகுதி. பள்ளியில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களும் முதல் பருவத்திலேயே அரியர் வைப்பதற்கு இது ஒரு காரணமாகும். இது மாணவரின் மனத்திண்மைக் குறைவு என்றே பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆயினும் பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையிலுள்ள இடைவெளியும், பாடம் நடத்தப்படும் முறையும் இதில் பெரும்பங்கு வகிக்கின்றன. புதுச்சேரி நகரக் கல்லூரிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

தன்மை

தேர்வுப் பதற்றத்தில் இரண்டு கூறுகள் உண்டு என 1967 இல் லீபர்ட், மோரிஸ் ஆகிய உளவியலாளர்கள் எடுத்துக்காட்டினர். ஒன்று கவலை, அதாவது "தோற்றுவிடுவேனோ" என்று உள்ளுக்குள் ஓடும் எண்ணம். மற்றொன்று உடலின் பரபரப்பு: நெஞ்சு படபடத்தல், கை வியர்த்தல் முதலியன. இவற்றுள் மதிப்பெண்ணைக் கூடுதலாகக் குறைப்பது கவலையே.

இதன் இயக்கம் எளிதில் விளங்கக் கூடியது. ஒரு தொகையீட்டுக் கணக்கைப் போடும்போது இடைப்படிகளையும் குறிகளையும் சிறிது நேரம் மனத்தில் வைத்திருக்க வேண்டும். இதற்குப் பயன்படும் செயல்நினைவின் கொள்ளளவு சிறியது. கவலையும் அதே இடத்தைப் பிடித்துக்கொள்வதால் கணக்கிற்கு எஞ்சும் இடம் குறைகிறது. கணிதப் பதற்றம் செயல்நினைவை இவ்வாறு பாதிப்பதை ஆஷ்கிராஃப்ட், கிர்க் ஆகியோரின் 2001 ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. வீட்டில் சரியாகப் போட்ட கணக்கு தேர்வறையில் பிழையாவதற்கு இதுவே விளக்கம். அம்மாணவருக்குக் கணக்குத் தெரியாது என்று முடிவுகட்டுவது தவறாகும்.

புகுமுக வகுப்பு

பள்ளிக்கும் பட்டப்படிப்பிற்கும் இடையே ஒரு பாலம் தேவை என்பது புதிய கருத்தன்று. சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரிகளில் முன்னர் ஓராண்டுப் புகுமுக வகுப்பு இருந்தது. பள்ளியிறுதி முடித்தவர் கல்லூரி வளாகத்திற்குள்ளேயே ஓராண்டு பழகி, அதன்பின் பட்டப்படிப்பில் நுழைந்தார். பிரான்சிலும் 1948 முதல் 1966 வரை அறிவியல், கலைப் புலங்களில் இதையொத்த ஓராண்டு ஆயத்தப் படிப்பு இருந்தது. 1978 இல் தமிழ்நாட்டில் மேனிலைக் கல்வி (+2) வந்தபோது புகுமுக வகுப்பு மறைந்தது. பாடப்பொருள் பள்ளிக்குச் சென்றது. ஆனால் கல்லூரியின் மொழிக்கும் வேகத்திற்கும் பழகும் அந்த ஓராண்டு எங்கும் செல்லவில்லை, அது இல்லாமற் போயிற்று. அன்று முதல் அச்சுமை முதற்பருவப் பாடங்களின் மீது விழுந்தது.

இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடி மாணவர் சிலருக்கு நடத்தப்படும் ஓராண்டு ஆயத்தப் படிப்பு இம்மரபின் எச்சம் எனலாம்.

புதுச்சேரியில்

புதுச்சேரி ஒன்றியப் பகுதி புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் என்னும் நான்கு பகுதிகளைக் கொண்டது. இதற்கெனத் தனிப் பள்ளிக் கல்வி வாரியம் இல்லை. எனவே புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாகே கேரளப் பாடத்திட்டத்தையும், ஏனாம் ஆந்திரப் பாடத்திட்டத்தையும் பின்பற்றி வந்தன. நான்கு பகுதி மாணவர்களும் ஒரே கல்லூரியில் சேரும்போது முதலாமாண்டு வகுப்பறையில் மூன்று பாடத்திட்டங்களும் மூன்று தாய்மொழிகளும் சந்தித்தன. 1984 இல் தொடங்கி 2020 இல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக மாறிய புதுவைப் பொறியியற் கல்லூரி இத்தகைய கல்லூரிகளுள் ஒன்று. "இது பள்ளியிலேயே படித்ததுதான்" என்று விரிவுரையாளர் கடந்துசெல்லும் பகுதி, வகுப்பில் ஒரு பகுதியினர் படித்திராததாக இருக்கலாம். அவர்கள் கேட்கவும் தயங்குவர்.

2023-24 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகள் நடுவண் வாரியப் பாடத்திட்டத்திற்கு (சி.பி.எஸ்.இ.) மாறத் தொடங்கின. இதனால் பாடத்திட்ட வேறுபாடு குறையலாம். மொழிச் சிக்கல் வேறு வகையானது. வகையிடல், தொகையிடல், உந்தம், முடுக்கம் என்று தமிழ்வழியில் நன்கு கற்ற ஒருவர், 'டிஃபரன்ஷியேஷன்', 'மொமென்டம்' என்ற சொற்களைக் கேட்டு முதல் வாரத்தில் திகைக்கிறார். பொருள் அவருக்குத் தெரியும், பெயர்தான் தெரியாது. இரு மொழிச் சொற்களையும் அருகருகே தரும் ஒரு பக்கக் கலைச்சொல் தாள், செலவே இல்லாமல் இத்திகைப்பைப் பெருமளவு நீக்கக் கூடியது. அண்ணா பல்கலைக்கழகம் 2010 இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது இச்சிக்கலுக்கான பெரிய அளவிலான விடையாகும்.

குறைக்கும் முறைகள்

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2017 இல் புதிய பொறியியல் மாணவர்களுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சியைக் கொண்டுவந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2019 இல் 'தீக்ஷாரம்ப்' என்ற வழிகாட்டியை வெளியிட்டது. இவை வளாகத்தோடு பழக உதவும். ஆனால் நான்காம் வாரத்தில் தொடங்கும் கணித வகுப்பு பழைய முறையிலேயே நடந்தால் அச்சம் திரும்பிவிடும். ஆகவே பாடத்திற்குள் செய்யும் மாற்றங்களே முதன்மையானவை.

இவ்வகையில் புகழ்பெற்றது கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் 1970களில் செய்த பணி. அங்கு நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர் பலர் தோற்றனர். ஊக்கக்குறைவு, அடிப்படை போதாமை, குடும்பச் சூழல் என ஆசிரியர்கள் காரணம் கூறினர். டிரைஸ்மன் 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன வம்சாவளி மாணவர்களையும் அவர்கள் படிக்கும் இடத்திற்கே சென்று கவனித்தார். முன்னவர் கடுமையாக உழைத்தனர், ஆனால் தனியாகப் படித்தனர். பின்னவர் கூடிப் படித்து ஒருவர் பிழையை மற்றவர் திருத்தினர். தனியே படிப்பவருக்குத் தம் ஐயம் தமக்கு மட்டுமே உரியது என்று தோன்றிவிடுகிறது. இதைக் கண்டு அவர் குழுப் பட்டறைகளை அமைத்தார். அவை 'பின்தங்கியோர் வகுப்பு' என்ற பெயரில் நடத்தப்படவில்லை. கடினமான கணக்குகளே தரப்பட்டன. பங்கேற்றோரின் தேர்ச்சி தெளிவாக உயர்ந்தது. நம் கல்லூரிகளில் 'ஸ்லோ லேர்னர்' என்று பெயரிட்டு மாலை வகுப்பு வைப்போர் கவனிக்க வேண்டிய இடம் இது.

விரிவுரையை மட்டும் கேட்பதற்குப் பதிலாக வகுப்பிலேயே மாணவர் கணக்குப் போட்டு விவாதிக்கும் முறையை 225 ஆய்வுகளின் வழி ஃப்ரீமன் குழுவினர் 2014 இல் ஒப்பிட்டனர். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் தோல்வி விழுக்காடு விரிவுரை முறையில் 33.8 ஆகவும் செயல்வழி முறையில் 21.8 ஆகவும் இருந்தது.

மதிப்பெண் சுமையற்ற சிறு தேர்வுகளும் பயனுள்ளவை. படித்ததை மீண்டும் படிப்பதைவிட நினைவிலிருந்து எழுதிப்பார்ப்பது ஒரு வாரத்திற்குப் பின்னும் கூடுதலாக நிலைக்கிறது என ரோடிகர், கார்பிக் 2006 இல் காட்டினர். பருவத்தின் இரண்டாம் வாரத்திலேயே இத்தகைய தேர்வு வைத்தால், எங்கே தடுமாற்றம் என்பது அகமதிப்பீட்டிற்கு முன்பே ஆசிரியருக்கும் மாணவருக்கும் தெரிந்துவிடும்.

எல்லா உத்திகளும் நிலைத்தவை அல்ல. தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தம் அச்சங்களை எழுதினால் மதிப்பெண் கூடும் என்று 2011 இல் வெளியான ஆய்வு பரவலாகப் பேசப்பட்டது. 2018 இல் வெளியான மறுசோதனையில் அவ்விளைவு உறுதிப்படவில்லை.

தேர்வில்லாக் கல்வி

புதுச்சேரி நகரிலேயே முற்றிலும் வேறான ஒரு வழியும் உள்ளது. 1943 இல் பள்ளியாகத் தொடங்கி, 1952 இல் பல்கலைக்கழக மையமாகி, 1959 முதல் இப்பெயரில் இயங்கும் ஸ்ரீ அரவிந்தர் பன்னாட்டுக் கல்வி மையம் பட்டம் வழங்குவதில்லை. பட்டத்திற்கான தேர்வும் இல்லை. மாணவர் தம் விருப்பத்திற்கும் வேகத்திற்கும் ஏற்பக் கற்கும் இம்முறை 'தடையற்ற முன்னேற்றம்' எனப்படும். பட்டத்தை நம்பி வேலை தேடும் மாணவர்களைக் கொண்ட கல்லூரிகள் இதை அப்படியே ஏற்க இயலாது. எனினும் வேகத்தை மாணவர் தீர்மானிக்கலாம் என்ற கூறு, ஆய்வக வகுப்புகளிலும் நிரலாக்க வகுப்புகளிலும் எளிதில் பொருந்தும்.

மருத்துவ உதவி

உறக்கமின்மை, உணவில் நாட்டமின்மை, வகுப்பையே தவிர்த்தல் ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் அது பாட நடத்து முறையால் மட்டும் தீராது. மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ அணுக வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட நடுவண் அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழில் அழைக்கலாம்.