கன்னிப்பூவும் கும்பப்பூவும்



கன்னிப்பூ, கும்பப்பூ என்கிறோமே, அந்தப் பேர் எங்கிருந்து வந்தது? மலையாள ஆண்டின் கன்னி மாதம் நமக்குப் புரட்டாசி. கும்பம் என்றால் மாசி. அறுக்கிற மாதம்தான் பூவின் பேர். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்தவர்கள் அல்லவா நாம்! கொடி மாறியும் வயல் கணக்கு மாறவில்லை.

கிழக்குக் கரை ஜில்லாக்காரர்களுக்கு ஐப்பசி மழைதான் பெரிது. நமக்கோ தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழை. இரண்டுக்கும் நடுவே புரட்டாசி. அங்கேதான் வம்பு. கன்னிப்பூவை அறுத்துக் களம் சேர்க்க வெயில் வேணும்; அதே கையோடு கும்பப்பூ நாற்றங்காலுக்குத் தண்ணீரும் வேணும்.

இதற்காகத்தான் அணை. ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலத்தில், மிஞ்சின் துரை பொறுப்பில், கோதையாற்றின் குறுக்கே 1897-ல் தொடங்கிய பேச்சிப்பாறை வேலை 1906-ல் முடிந்தது. ஆனி, ஆடி மழையை மலையிலேயே பிடித்துவைத்துப் பிறகு கால்வாயில் விடும் ஏற்பாடு. பெருஞ்சாணி பின்னால் வந்தது.

அணை நீரைப் பிடிக்கும், காற்றைப் பிடிக்குமா? 2017 நவம்பர் 30 காலையில்தான் தாழ்வு மண்டலம் ஒக்கிப் புயலாக வலுத்தது. குமரிக்குத் தெற்கே கடலோடு போச்சு; நம் கரை ஏறவே இல்லை. அப்படியும் வாழையும் ரப்பரும் சாய்ந்தன. கடலுக்குப் போன மீனவர் பலர் திரும்பவில்லை.

ஆகவே, குமரிக்கடலில் தாழ்வு மண்டலம் என்று வானொலியில் கேட்டதுமே வாழைக்கு முட்டுக் கொடுங்கள், வடிகாலைத் திறந்துவிடுங்கள். புயல் என்று சொல்லட்டும், பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.